ஏழு அறைகள், இருபத்தெட்டு நிமிடங்கள்

ஏழு அறைகளையும் இருபத்தெட்டே நிமிடத்தில் பார்த்து முடித்துவிடுவது என்று பம்பரம் வியாழக்கிழமையே சபதம் எடுத்துவிட்டார். அறைக்கு நாலு நிமிடம். ஓரேழு ஏழு என்று தொடங்கி நாலேழு இருபத்தெட்டு வரை விரலில் எண்ணியும் பார்த்துவிட்டார்.

பம்பரம் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் கூட வேலை செய்பவர்கள் வைத்தது. நாள் முழுக்க ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மனிதருக்கு நிற்கிற வழக்கமே விட்டுப்போயிற்று. டீயை நடந்துகொண்டே குடிப்பார். பல் தேய்த்து முடிப்பதற்குள் வீட்டை மூன்று சுற்று வந்துவிடுவார். போன வருஷம் மனைவியைக் கடலுக்கு அழைத்துப் போனார். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "பாத்தாச்சுல்ல? கிளம்பு. நாளைக்கும் இதே கடல்தான் இருக்கும்" என்றுவிட்டார்.

மனைவி பெயின்ட் கடையில் நிறம் கலப்பவள். யாராவது பெயர்ந்த சுவர்ச் சில்லு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால் போதும், அதே நிறத்தை டப்பாவில் வரவழைத்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை ஒரே ஒரு நீலம் இரண்டு வாரமாக அலைக்கழித்தது. எண்பத்தோரு வயதான பிரபல ஓவியர் ஒருவர் அறுபது வருடங்களில் வரைந்ததையெல்லாம் நகரத்து ஓவியக்கூடத்தில் மாட்டியிருந்தார்கள். அதன் விளம்பரத் தாளில் இருந்த நீலம் அது. ஒன்பது முறை கலந்து பார்த்தாள். வரவில்லை.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை போலாமா?"

"ஓ, தாராளமா!"

சொன்ன பிறகுதான் பம்பரத்துக்கு ஞாபகம் வந்தது. ஞாயிறு மூன்று மணிக்கு நகரக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம். பின்வாங்கினால் கடல் விவகாரம் மறுபடி கரையேறும். நல்லவேளை, ஓவியக்கூடம் இரண்டு மணிக்கே திறந்துவிடும்.

ஓவியர் படம் தீட்டினார் என்றால் பம்பரம் திட்டம் தீட்டினார். வெள்ளிக்கிழமை மத்தியானம், அந்தப் பக்கம் ஒரு லிஃப்ட் மாட்டிக்கொண்டுவிட்டது என்று கம்பெனியில் சொல்லிவிட்டு, தனியாகப் போய் வேவு பார்த்தார். எந்த அறையிலிருந்து எந்த அறைக்குக் குறுக்கு வழி என்று மனதில் குறித்துக்கொண்டார். சுவரில் இருந்த குறிப்புகளை அறைக்கு இரண்டு வரி வீதம் உருப்போட்டார். மனைவி வாயைத் திறப்பதற்குள் இவர் ரசித்து முடித்துவிட்டால், அவளும் நகர்ந்துதானே ஆகவேண்டும்?

ஞாயிறு இரண்டு மணி. முதல் அறை.

"இங்க பாரு. கரித்துண்டு. இருபது வயசுல வரைஞ்சது. சந்தையில மூட்டை தூக்கினவங்க முகம். ஒவ்வொரு கோட்டுலயும் அலுப்பு தெரியுது பாத்தியா? சரி, வா, அடுத்தது."

"அடேயப்பா! இந்த ஓவியரைப் பத்தி இவ்வளவு தெரியுமா உங்களுக்கு?" என்றாள் மனைவி. கொஞ்சம் உரக்கவே.

கூடத்து மேற்பார்வையாளர் அம்மாள் ஓடிவந்தார். "சார், நல்ல நேரத்துல வந்தீங்க! விளக்கம் சொல்றவருக்கு இன்னிக்குக் காய்ச்சலாம். ஓய்வுபெற்ற தபால்காரர் சங்கத்துலேர்ந்து முப்பது பேர் வந்து நிக்கிறாங்க. நீங்க கொஞ்சம்..."

"நானா? எனக்கு அவ்வளவா..."

"தன்னடக்கம்ங்க" என்றாள் மனைவி. "அத்தனையும் கரைச்சுக் குடிச்சிருக்காரு."

முப்பது ஜோடிக் கண்கள் அவரைப் பார்த்தன. பம்பரம் கணக்குப் போட்டார். தபால்காரர்கள், ஆயுசு முழுக்க நடந்தவர்கள். ஓட்டமாக ஓட்டிவிடலாம். "வாங்க, வாங்க!"

கணக்கு அங்கேதான் பிசகியது. நடந்தவர்கள்தான், ஆனால் முகவரி படித்தே பழகிய கண்கள். எழுத்தென்று எதைக் கண்டாலும் கடைசி வரி வரை படிக்காமல் ஒருவரும் நகரவில்லை. ஓவியத்தின் ஆண்டைப் படித்தார்கள். அளவைப் படித்தார்கள். தீயணைப்புக் கருவியின் குறிப்பைக்கூடப் படித்தார்கள்.

இரண்டாவது அறையில் மழை வழியும் ஜன்னல்கள், எண்ணெய் வண்ணத்தில். மூன்றாவதில் நீலம், சுவரளவுக்கு. மனைவி எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போங்க. இதோ பின்னாடியே வரேன்."

வரவில்லை. நாலாவதில் களிமண் தலைகள். ஐந்தாவதில் கிழிந்த சுவரொட்டிகளையும் பழைய பஸ் டிக்கெட்டுகளையும் ஒட்டிச் செய்த படங்கள். மணி மூன்றேகால். பம்பரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார். அப்போது தடித்த கண்ணாடி போட்ட தபால்காரர் ஒருவர் கேட்டார்:

"ஏன் சார், முதல்ல முகம் அவ்வளவு நல்லா வரைஞ்சாரு. அப்புறம் எதுக்கு இப்படித் தாவித் தாவிப் போறாரு? ஒண்ணுல நிக்கக்கூடாதா?"

உருப்போட்ட வரிகளில் இதற்குப் பதில் இல்லை. ஆனால் பம்பரத்துக்குச் சுரீரென்றது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் மனைவி அவரிடம் கேட்டுவருகிற கேள்வி அது.

"எதுக்குங்க நிக்கணும்?" என்றார். "ஒரே மாடியில நிக்கிறதுக்கு லிஃப்ட் எதுக்கு? முகம் வரைஞ்சா ஊரே கைதட்டுதுன்னு தெரிஞ்சதும் மனுஷன் முகத்தை விட்டுட்டாரு. மழை கைக்குப் படிஞ்சதும் மழையை விட்டுட்டாரு. தெரிஞ்சதையே திருப்பித் திருப்பிச் செய்ய அவருக்குப் பொறுமை இல்லீங்க. அடுத்த மாடியில என்ன இருக்குன்னு பாத்தாகணும், அவ்வளவுதான்!"

கைதட்டினார்கள். முப்பது பேரும். லிஃப்டுக்குள் தலையை விட்டு இருபது வருஷம் வேலை செய்தவருக்கு ஒருவரும் கைதட்டியதில்லை. படம் பார்க்க வந்தவர் அதற்குப் பிறகு படம் காட்ட ஆரம்பித்துவிட்டார். ஆறாவது அறைக்கு மட்டும் முக்கால் மணி நேரம்.

ஏழாவது அறையில் அவராகவே பேச்சை நிறுத்தினார். ஓவியருக்குக் கை நடுங்கத் தொடங்கிய பிறகு வரைந்தவை அங்கே இருந்தன. வண்ணமில்லை, மையில் இழுத்த மெல்லிய கோடுகள் மட்டும். ஒரு மரம். நடுக்கத்தை மறைக்காமல் கையை அதன் போக்கில் விட்டிருந்தார். அதனால் கிளையெல்லாம் காற்றில் அசைந்தது. வெள்ளிக்கிழமை இதே மரத்தைத் தாண்டித்தான் போயிருந்தார். இப்போது கால் நகரவில்லை. தபால்காரர்கள் நன்றி சொல்லிக் கலைந்துபோனதுகூட அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது.

திரும்பி மணியைப் பார்த்தார். ஐந்தேகால். கோட்டைப் பார்த்ததில் ஆட்டத்தைக் கோட்டை விட்டிருந்தார்.

மூன்றாவது அறைக்கு விரைந்தார். மனைவி அதே பெஞ்சில், அதே நீலத்துக்கு எதிரே இருந்தாள். முகம் மட்டும் பளிச்சென்றிருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேங்க! நீலத்துக்கு அடியில காவி பூசியிருக்காரு. அந்த ஓரத்துல லேசாத் தெரியுது பாருங்க. மூணு மணி நேரம் பாத்த பிறகுதான் கண்ணுல பட்டுது."

"நல்லாப் பாத்தே. அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்ததுல நான்தான் மாட்டிக்கிட்டேன்."

"ஆமா, காய்ச்சல்தான். உங்களுக்கு இருந்த அதே கால்பந்துக் காய்ச்சல்."

"என்ன சொல்றே?"

"நேத்து உங்க சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில வெள்ளிக்கிழமை டிக்கெட்டு. நம்மளை விட்டுட்டு எதுக்குப் போனாருன்னு இங்க போன் பண்ணிக் கேட்டேன். விளக்கம் சொல்றவர்தான் எடுத்தாரு. ஒருத்தர் நாலு நிமிஷம் நாலு நிமிஷமாக் கடியாரத்தைப் பாத்துக்கிட்டே மனப்பாடம் பண்ணிட்டுப் போனாருன்னாரு. இறுதியாட்டத்தன்னிக்கு வேலை போட்டுட்டாங்களேன்னு அவரும் அழாத குறை. நீங்க ஆட்டத்துக்குப் போங்க, நான் ஆள் கூட்டிட்டு வரேன்னுட்டேன்."

பம்பரம் பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார். போனது போகட்டும், முடிவையாவது தெரிந்துகொள்ளலாம்.

"யார் ஜெயிச்சாங்களாம்?"

"யாரும் இல்லையாம். சமமாப் போச்சுன்னு அந்த விளக்கம் சொல்றவர் இப்பத்தான் போன் பண்ணினாரு. அடுத்த ஞாயிறு மறுபடி ஆடுறாங்களாம். அதுக்கும் லீவு கேட்டாரு. பாவமா இருந்துச்சு, சரின்னுட்டேன்."