பாப்பரசரின் கடிதத்தைத் திருத்திய கதை

நான் முட்டாளாக நடந்துகொண்ட நாட்கள் பல. ஆனால் ஆதாரம் காட்டி, படம் போட்டு, அப்பா அம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்து முட்டாளானது ஒரே ஒரு நாள்தான்.

அப்போது ஸ்டுட்கார்ட்டில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். (மருத்துவம் படிக்கவில்லையே என்ற துக்கம் எங்கள் வீட்டில் மூன்று வருடம் அனுட்டிக்கப்பட்டது.) மத்தியகால இங்கிலாந்துப் பிரபு குடும்பம் ஒன்றின் வம்சாவளியைப் பற்றி நான் உரை நிகழ்த்த வேண்டும். அதில் சித்தியடைந்தால்தான் பட்டம். வீட்டாரும் வரலாம் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். சரித்திரமும் ஒரு படிப்புத்தான் என்று நிரூபிக்க இருவரையும் கூட்டிப்போனேன். அம்மா கூறைச்சேலைக்கு அடுத்த விலையில் இருந்த சேலையை உடுத்தி வந்தார்.

அந்தப் பிரபு வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவர் ராபர்ட், தாய்மாமன் மகள் ஆலிஸைக் கட்டியிருந்தார். இளையவர் ஜோன், சித்தப்பா மகள் மேரியைக் கட்டியிருந்தார். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிப்பதென்றால் அந்தக் காலத்தில் பாப்பரசரின் அனுமதி வேண்டும். எனக்குக் கிடைத்தது ஒரேயொரு அனுமதிக் கடிதம். அது ராபர்ட்டுக்கும் ஆலிஸுக்கும் உரியது.

நான் அதிர்ந்துபோனேன். மச்சாளைக் கட்ட எதற்கு அனுமதி? சித்தப்பா மகள் என்றால் தங்கை. தங்கையைக் கட்டியவனிடம் கடிதம் இல்லை, மச்சாளைக் கட்டியவனிடம் இருக்கிறது. (ஜெர்மன்காரர் இரண்டு பேரையும் ஒரே சொல்லால் அழைப்பது எனக்குத் தெரியும். அது அவர்களுடைய சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.) இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஞானம் பிறந்தது. ரோமில் இருந்த எழுத்தர் பெயர்களை மாற்றி எழுதிவிட்டார். உலகத்து அறிஞர் எவருக்கும் தெரியாத பிழையை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. திருடிவிடுவார்கள் என்ற பயம்.

உரையின் உச்சத்தில், ஜோனையும் மேரியையும் சிவப்புக் கோட்டால் வளைத்து ‘உடன்பிறப்புகள்’ என்று எழுதிய படத்தைத் திரையில் காட்டினேன். மண்டபம் திகைத்தது. கண்டுபிடிப்பின் மகிமை என்று எண்ணிக்கொண்டேன்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "இவர்களுடைய தகப்பன்மார்தானே சகோதரர்கள்?"

"ஆம். அதனால் இவர்களும் சகோதரர்கள்தான்."

"சித்தப்பன்ர பெட்டையையோ? என்ன சனமப்பா இது" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது கடைசி வரிசைக்கும் கேட்டது.

"ராபர்ட் கட்டியது தாயின் சகோதரனுடைய மகளை. அதில் உங்களுக்கு எதுவும் தவறாகத் தெரியவில்லையா?" என்றார் பேராசிரியை.

"அதில் என்ன தவறு? என் பெற்றோரும் அப்படித்தான்."

யாருடைய பேனாவோ தரையில் விழுந்து உருண்டது. அத்தனை தலைகளும் முன்வரிசைப் பக்கம் திரும்பின. மகள் தங்களை அறிமுகப்படுத்துகிறாள் என்று நினைத்த அப்பா எழுந்து, கோட்டுப் பொத்தானைப் பூட்டி, எல்லோருக்கும் கையசைத்தார். "இஞ்சேரும், எழும்பும். எங்களைப் பற்றித்தான் சொல்லுறா" என்று அம்மாவையும் எழுப்பினார். பிறகு தன்னுடைய ஜெர்மனில், அம்மா தன் மாமன் மகள் என்பதை மண்டபத்துக்கு உறுதிப்படுத்தினார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர்கள் இருவரும் சிரித்தபடி நின்றதைப் பார்க்க அதைவிட வேதனையாக இருந்தது. திருச்சபைக்கு மாமன் மகளும் சித்தப்பா மகளும் ஒன்றுதான், கடிதத்தில் பிழை இல்லை, ஜோனுடைய கடிதம் தொலைந்திருக்கும் என்று பேராசிரியை மெல்ல விளக்கினார். பிழை எங்கே என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ரயிலில் அம்மா கேட்டார். "பாஸோ பிள்ளை?"

"இல்லையம்மா. ஆறு மாதத்தால திரும்பச் செய்யவேணும்." நடந்ததை விளங்கப்படுத்தினேன்.

இப்போது அதிர்ந்தது அம்மா. "அப்ப நாங்களும் பாப்பரசருக்கு அன்ட்ராக் எழுதிப் போட்டெல்லோ கட்டியிருக்கவேணும்?" (விண்ணப்பத்துக்கு எங்கள் வீட்டில் ‘அன்ட்ராக்’ என்ற ஜெர்மன் சொல்தான்.)

ஆறு மாதத்தில் பட்டம் கிடைத்தது. அதை வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். பாப்பரசரை மறக்கவில்லை. அம்மா திட்டத் தொடங்கினால் அப்பா என்னைப் பார்த்துப் பெருமூச்சுவிடுவார்.

"அனுமதி எடுக்காமக் கட்டினது. இனி ஆரிட்டைப் போய் முறையிடுறது?"

அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே சொல்லுவார். "இப்பவெண்டாலும் அன்ட்ராக்கைப் போடுங்கோ. அவர் ஏலாதெண்டு சொன்னா எனக்கு விடுதலை."