கூலிங் பேப்பர்

"இன்னும் மூஞ்சி தெரியுதுப்பா. மேல இன்னொண்ணு ஒட்டு," என்றான் விநாயகம்.

ஸ்டிக்கர் கடை தேவேந்திரன், விநாயகத்தின் பைக் முன்கண்ணாடியைப் பார்த்தான். தலை மறையும் உயரம். ஏற்கெனவே ஒரு கறுப்புக் கூலிங் பேப்பர் ஒட்டியாகிவிட்டது.

"அண்ணே, இன்னும் ஒட்டுனா ரோடு தெரியாது. மூஞ்சிய மறைக்க ஹெல்மெட் போட்டா பத்தாதா?"

"அது அவ வாங்கிக் குடுத்தது. தூரத்துலயே கண்டுபுடிச்சுடுவா."

அவள் என்றால் ஜெயசுதா, விநாயகத்தின் மனைவி. ஆடியில் கூழ் ஊற்றிய அன்று மாமனாரை நாலு பேர் முன்னால் எடுத்தெறிந்து பேசிவிட்டான். தொண்டூரில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போனவள் போனவள்தான். இப்போது செஞ்சி கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை. போய்க் கூப்பிட வீறாப்பு விடவில்லை. பார்க்காவிட்டால் சோறு இறங்கவில்லை. அதனால் அவள் பார்த்திராத புது வண்டியில் தினமும் சாயங்காலம் அந்தக் கடையைத் தாண்டிப் போவான். நேற்று அவள் நேருக்கு நேர் பார்த்துவிட்டாள். அவனுக்கு மானமே போய்விட்டது.

தேவேந்திரன் தலையில் அடித்துக்கொண்டு இரண்டாவதையும் ஒட்டினான்.

முகம் மறைந்தது, கூடவே ரோடும் மறைந்தது. முதல் நாளே வேகத்தடையில் எகிறி விழப் பார்த்தான். மறுநாள் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே ஊர்ந்தான். பின்னால் பஸ் டிரைவர் கத்தினார்.

"யோவ், வண்டி ஓட்டறியா, தள்ளினு போறியா?"

போலீஸ்காரர் மறித்து, "இன்னாய்யா, அடுப்புக்கரி பூசினு வந்துட்ட?" என்றார். விநாயகம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான். கடை வாசலில் சேலை கட்டிய நிழல் ஒன்று மங்கலாகத் தெரிந்தது, அதுவே அவனுக்குப் போதும்.

முதல் சில நாள் அந்த நிழல் தெருவை எட்டி எட்டிப் பார்த்தது. அப்புறம் நின்றது நின்றபடியே இருந்தது. தூறல் போட்ட அன்றும் அசையவில்லை.

'எனக்காகத்தான் நிக்கிறா. கால் வலிக்காதா பாவிக்கு?' என்று நினைத்தான். செய்தது தப்பு என்று அன்றுதான் மனம் ஒப்புக்கொண்டது.

மறுநாள் அவளுக்குப் பிடித்த மல்லாட்டை, சுடச்சுட வேகவைத்த வேர்க்கடலை, ஒரு பொட்டலம் வாங்கினான். கடை எதிரே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, தலையைக் குனிந்தபடி நடந்தான்.

"சுதா, வா, வூட்டுக்குப் போலாம்," என்றான்.

பொட்டலத்தை நீட்டினான். நிமிர்ந்து பார்த்தான். பட்டுச்சேலை கட்டிய பிளாஸ்டிக் பொம்மை அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஓரமாக நாற்காலியில் இருந்த வாட்ச்மேன் கலியபெருமாள் எழுந்து வந்தார்.

"ஏம்பா, நீ ஜெயசுதா வூட்டுக்காரன்தானே? இத்தினி நாளா எங்கப்பா போன?"

"அவ எங்க பெரியவரே?"

"தெனமும் உன் மூஞ்சியப் பாக்கத்தான் அந்தப் பொண்ணு வாசல்ல வந்து நிக்கும், நீ வர்றதையே நிறுத்திட்டேன்னு வேலைய வுட்டுட்டு மெட்ராஸ் போயிடுச்சு, அது நின்ன எடம் காலியா கெடக்குதேன்னுதான் இந்த பொம்மைய வெச்சோம்."