களைக்குக் கிடைத்த பதவி உயர்வு

மனிதகுலம் இதுவரை யார் யாருக்கோ பதவி உயர்வு கொடுத்திருக்கிறது. ஒரு களைக்குக் கொடுத்த பெருமை எங்கள் பூங்கா அலுவலகத்தையே சேரும். அந்தக் கோப்பை நகர்த்திய கண்காணிப்பாளர் என்ற முறையில், மிகுந்த அடக்கத்தோடு இதைச் சொல்கிறேன்.

எங்கள் இயக்குநர் ஒரு கருத்தரங்கில் டேன்டிலயன் வேரை வறுத்துப் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு வந்தார். மஞ்சளாகப் பூத்து, ஊதினால் பஞ்சாய்ப் பறக்குமே, அந்தக் காட்டுச்செடிதான். மறுநாளே ‘மாதிரிப் பாத்தித் திட்டம்’ பிறந்தது.

பதினெட்டு வருடமாக அந்தச் செடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்த தோட்டக்கார அக்காவையும் கூட்டத்துக்கு அழைத்து நிற்க வைத்தோம். அவருக்கு ஓய்வூதியம் கிடைக்க இன்னும் எட்டே மாதம்.

“சார், அது தானா வர்ற செடி. சும்மா விட்டாலே போதும்.”

“சும்மா விட்டா அதுக்குப் பேரு திட்டமாம்மா?” என்றார் இயக்குநர்.

நாங்கள் சிரித்தோம். சிரித்ததையும் குறிப்பேட்டில் பதிவு செய்தோம்.

நிழல்வலை கட்டினோம். மூன்று வேளையும் தண்ணீர் விட்டோம். வேர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று திங்கட்கிழமைதோறும் செடிகளைப் பிடுங்கி, அளந்து, மறுபடி நட்டோம். இத்தனை கவனிப்பையும் மதிக்காமல் அவை அழுகிப்போயின.

அந்த நேரம் பார்த்து, தலைமை அலுவலக மேடம் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. இயக்குநர் அழுகிய பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அக்கா கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். மாலைக்குள் ஒரு கூடை வேர் வந்தது. கழுவி, நறுக்கி, வறுத்து, பொடித்தும் கொடுத்தார்.

மேடம் ஒரு வாய் குடித்தார். “பிரமாதம்! உங்க பாத்தியில விளைஞ்சதா?”

“சாட்சாத் எங்க பாத்தியேதான் மேடம்!”

இயக்குநருக்கு விருது உறுதியானது. மேடத்தின் கார் கிளம்பியதும் விசாரணை தொடங்கியது.

“வேர் எங்கிருந்தும்மா வந்துச்சு?”

“கொட்டகைக்குப் பின்னாடி சுவரோரம் சார். பூ அழகா இருந்துச்சு. பிடுங்க மனசு வரல.”

ஒப்புக்கொண்டுவிட்டார்! களைகளை வேரோடு அகற்ற வேண்டும் என்ற பழைய உத்தரவை நாங்கள் ரத்து செய்யவே இல்லையே. ‘அனுமதியின்றிக் களை வளர்த்த’ குற்றத்துக்காக அக்காவை வேலையிலிருந்து நீக்கும் ஆணையை நானே எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவர் பொடித்துக் கொடுத்த காப்பிதான் எனக்குத் துணை.

கையெழுத்துப் போடும்போது மட்டும் ஏனோ கசந்தது. அதையும் அவருடைய குற்றப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.