அக்காவுக்கு நான் சேர்த்துக் கொடுத்த கம்ப்யூட்டர்

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். இதை உறவினர்களிடம் சொல்லாமல் இருந்திருந்தால் என் அக்கா வீட்டுச் சுவர் இன்னும் வெள்ளையாகவே இருந்திருக்கும்.

அக்கா இருப்பது ஆட்டையாம்பட்டியில். விசைத்தறி முதலாளி ஒருவருக்குச் சேலை டிசைன் வரைந்து கொடுப்பாள். தினமும் பஸ் பிடித்துச் சேலம் போய் அவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேலை. இரண்டாவது குழந்தை பிறந்ததும் அது முடியாமல் போனது. வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருந்தால் வேலையைத் தொடரலாம், புதன்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அக்கா என்னைக் கூப்பிட்டு, எது முக்கியமோ அதைப் பார்த்து வாங்கிச் சேர்த்துக் கொடு என்றாள்.

எது முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிராபிக்ஸ் கார்டு. (காரணத்தைப் பிறகு சொல்கிறேன். சொல்லாமலும் விடலாம், ஆனால் அக்கா இதைப் படிப்பாள்.)

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்கார பாய் பொறுமைசாலி. என்ன வேலைக்கு என்று கேட்டார். பெரிய வேலைக்கு என்றேன். விசாரித்துத் தெரிந்துகொண்டு, சேலை டிசைனுக்கு மெமரிதான் அதிகம் வேண்டும், தனியாக கிராபிக்ஸ் கார்டு தேவைப்படாது, பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள் என்றார். நான் கண்ணாடிப் பெட்டி, கலர் விளக்கு மின்விசிறி, இருப்பதிலேயே பெரிய கார்டு என்று எடுத்து வைத்தேன். மிச்சப் பணத்தில் மெமரி பாதியானது. பவர் சப்ளையாக, பெயரே ஒட்டாத ஒரு பெட்டி கிடைத்தது.

"கரண்டுதானுங்க பாய், எந்த டப்பா வழியா வந்தா என்ன?" என்றேன்.

அவர் பில்லில் 'வாடிக்கையாளர் விருப்பப்படி' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். (மரியாதை செய்கிறார் என்று நினைத்தேன்.)

அக்கா வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாட்டினேன். போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்க்கும் மாமா, அதாவது அக்காவின் கணவர், லீவில் வந்திருந்தார். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏனம்மிணி, இத்தனை இழுவையை அந்தச் சின்னப் பொட்டி தாங்குமா?" நான் வோல்ட், ஆம்பியர் என்று பத்து நிமிடம் விளக்கினேன். ஆமாங்க அம்மிணி என்று சொல்லிவிட்டு அவர் வண்டி கழுவப் போய்விட்டார்.

புதன்கிழமை முதலாளி வந்தார். சுவிட்சைப் போட்டதும் பெட்டி ஏழு நிறத்தில் மின்னியது. கோயில் பந்தல் மாதிரி இருக்குதுங்க என்று பாராட்டினார். அக்கா மயில் பார்டரைத் திறந்தாள். மெமரி பற்றாததால் மயில் கழுத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தோகை வந்து சேர்வதற்குள் அவர் பஜ்ஜியும் டீயும் முடித்துவிட்டார். அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து, நிலைமையைக் காப்பாற்ற எண்ணினேன். இருங்க, கார்டோட சக்தியைக் காட்டுறேன் என்று, முன்தினமே ஏற்றி வைத்திருந்த கார் ரேஸ் விளையாட்டை ஓடவிட்டேன்.

கார் முதல் வளைவு வரை அருமையாகப் போனது. அங்கே 'டப்' என்றது. பெட்டியிலிருந்து புகை கிளம்பிச் சுவரில் ஏறியது. வீடு முழுக்கக் கரண்ட் போனது.

முதலாளி கேட்டார்: "அந்தக் காரு எந்தச் சேலைக்குங்க?"

அக்கா அவரை வாசல் வரை போய் வழியனுப்பினாள். பிறகு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"இந்தக் கார்டு எனக்கு வாங்குனியா, உனக்கு வாங்குனியா?"

"எனக்கு" என்றேன். லீவு நாளில் வந்து விளையாடலாம் என்றுதான் வாங்கினேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று சாப்பிட்டிருப்பேன்.

மறுநாள் அக்காவே பாய் கடைக்குப் போனாள். டிசைன் ஃபைல் எவ்வளவு பெரியது, அக்கம்பக்கத்துத் தறிகள் ஓடும்போது வீட்டில் கரண்ட் எப்படி ஏறி இறங்கும் என்று அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். உயிர் தப்பியிருந்த கார்டைத் திருப்பிக் கொடுத்து, நல்ல பவர் சப்ளையும் புது மதர்போர்டும் போதுமான மெமரியும் வாங்கி வந்தாள். மாட்டியதும் அவளேதான். முதலாளி இன்னொரு முறை வந்தார். மயில் ஒரே நொடியில் தோகையோடு நின்றது. இன்றுவரை அதில்தான் வேலை செய்கிறாள்.

போன தை மாதம் நாமகிரிப்பேட்டையில் நானும் என் கணவரும் கட்டிய வீட்டுக்குப் புதுமனைப் புகுவிழா. மெயின் சுவிட்சைப் போடக் கை நீட்டினேன். மாமா என் கையை மெதுவாக விலக்கினார்.

"நீ பால் பொங்குதான்னு பாரு சாமி. இதை நான் போட்டுக்கறேன்."

திரும்பிப் பார்த்தேன். ஹாலில் ஆளே இல்லை. சொந்தபந்தம் அத்தனையும் வாசலில் நின்றது. ஆட்டையாம்பட்டிப் பக்கமே போயிராத என் மாமியார், எல்லோருக்கும் முன்னதாகத் தெருவுக்கே போயிருந்தார்.