நாலாவது வாஷிங் மெஷின்

கடைசி வரியைப் படிக்கச் சொல்லிவிட்டுக் கண் பரிசோதகர் காத்திருந்தபோது, சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. எதிரே நாற்காலியில் இருந்தவர், தான் எல்லா எழுத்தையும் சரியாகப் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, அப்படியானால் கண்ணாடி தேவையில்லை என்று எழுந்து கிளம்பிவிட்டார். அவரைத் திரும்ப உட்கார வைப்பதற்குள் கடையில் இருந்த மூன்று பேருக்கு மூச்சு வாங்கியது.

விஷயம் இதுதான். வீட்டில் வாஷிங் மெஷின் நின்றுபோய் மூன்று வாரம் ஆகியிருந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் வெள்ளை யூனிஃபார்ம் துவைத்தாக வேண்டும். உடனே புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றாள். அவசரப்பட்டு வாங்குகிறவன்தான் ஏமாளி என்றார் அவர். கல்லூரியில் படிக்கும் மகள் இடையில் புகுந்து, அவர் போனில் இலவச ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். வேண்டிய மெஷினைக் காட்டி, வேண்டிய விலையையும் சொல்லிவிட்டால் போதும். அந்த விலைக்கு இறங்கும்போது அதுவே கூப்பிட்டுச் சொல்லும்.

முதல் நாள் விலையைச் சொல்ல மறந்துவிட்டார். ஊரில் விற்கிற வாஷிங் மெஷின் எல்லாம் வரிசையாக அவரைக் கூப்பிட்டன. மகள் அதைச் சரிசெய்தாள். அதன் பிறகு போன் வாயே திறக்கவில்லை. மனைவி வாளியும் கையுமாகவே இருந்தாள். இன்றுதான் திறந்திருக்கிறது.

அன்றே ஆர்டர் போட்டார். இரண்டு நாளில் வேன்காரர் மெஷினை முதுகில் பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டு மாடி ஏறி வந்து இறக்கினார். அட்டைப்பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. வெளியே இப்படி என்றால் உள்ளே என்ன கதியோ என்று பரிசோதகர் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். வேன்காரர் பேசுகிற ஆள் இல்லை. "கையெழுத்து" என்றார். வாங்கிக்கொண்டார். மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

கட்டிய பணம் திரும்பி வந்த மறுநாள் போன் மறுபடி அதிர்ந்தது. அதே மெஷின், முன்பைவிடக் குறைந்த விலை. அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடையில் ஃபிரேம் விற்பவரிடம் கேட்டார்.

"போன் ஒட்டுக் கேக்குது சார்," என்றார் ஃபிரேம் விற்பவர். "முதுகு வலிக்குதுன்னு நான் பொண்டாட்டிகிட்டதான் சொன்னேன். சாயங்காலமே தலகாணி விளம்பரம் வருது. நீங்க பெட்டியைக் குறை சொன்னது அவங்க காதுக்குப் போயிருக்கும். ஆள் கை நழுவிடுமேன்னு பயந்துட்டாங்க."

பரிசோதகருக்கு அது நியாயமாகப் பட்டது. இரண்டாவது மெஷின் வந்ததும் போனை அதன் மேலேயே வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அதன் குறைகளை நிதானமாக எடுத்துச் சொன்னார். ஒரு நாள் முழுக்கச் சொன்னார். விலை அசையவில்லை. வெறும் பேச்சை நம்ப மாட்டான் போலிருக்கிறது என்று முடிவு செய்து, கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸை வைத்துத் தேடி, தலைமுடி அளவு கீறல் ஒன்றைக் கண்டுபிடித்தார். வேன்காரர் வந்தார். கையெழுத்து வாங்கினார். தூக்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் விலை இன்னும் ஒரு படி இறங்கியது.

"திட்டணும், திருப்பணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் இறங்குது," என்று மனைவிக்கு விளக்கினார்.

"அவ்ளோ பெரிய கம்பெனி, உங்களைப் பாத்து எதுக்குங்க பயப்படணும்?"

அதுதான் அவருக்கும் விளங்கவில்லை. ஆனால் பயப்படுகிறார்கள். கண்ணெதிரே இறங்குகிறதே.

மூன்றாவது மெஷினுக்கு ஒரு கால் ஆட்டம் கண்டிருந்தது. இந்த முறை நன்றாக உறைக்கட்டும் என்று ஜன்னல் பக்கம் நின்று, குரலை உயர்த்தியே பேசினார். சரியான கனம், ஆட ஆரம்பித்தால் வீடே அதிர்கிறது, சத்தத்தில் காது கிழிகிறது, இதை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது, திருப்பி அனுப்பிவிட்டு நல்லதாக வேறொன்று பார்த்துக்கொள்ளலாம் என்றெல்லாம் சொன்னார்.

கீழ் வீட்டு அம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், கடைசி வாக்கியம் வரை கேட்டுவிட்டார். நர்ஸம்மாவுக்கு இப்படி ஒரு நிலைமையா என்று மனம் பதைத்து, அவளுடைய அண்ணனுக்குப் போன் செய்துவிட்டார். அரைமணி நேரத்தில் அண்ணன் வாசலில் நின்றார். வேலை முடிந்து வந்த மனைவியும் அதே நேரத்துக்குப் படியேறினாள்.

"மாப்பிள்ளை, இருபது வருஷம் உங்க வீட்டுக்கு உழைச்சவ அவ," என்றார் அண்ணன்.

"ஐயோ மச்சான், நான் அவளைச் சொல்லல. போன்கிட்ட சொல்லிட்டு இருந்தேன்."

"போன்ல யார்கிட்ட?"

பரிசோதகர் விளக்க விளக்க அண்ணன் முகம் கறுத்துக்கொண்டே போனது. விலை குறைந்தால் கூப்பிடும் என்றதும் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் மகள் வந்து ஆப்பைத் திறந்து காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிர, கொடுத்த காபியைத் தொடவில்லை. அந்தக் களேபரத்துக்கு நடுவிலும் வேன்காரர் வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, மெஷினை இறக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை மனைவி உலராத யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். செருப்பு மாட்டும்போது நிதானமாகச் சொன்னாள்.

"அடுத்த மெஷின் வந்து இந்த வீட்ல ஓடணும். இல்லேன்னா நானும் என் யூனிஃபார்மும் அண்ணன் வீட்டுக்குப் போறோம். எங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வர ஏதாவது ஆப் இருக்கான்னு பாத்து வச்சுக்குங்க."

அவளுக்குக் கோபம் வந்தால் கத்துவாள். இப்படி மெதுவாகப் பேசி அவர் கேட்டதில்லை. அன்று கடையில் வலது கண்ணை மூடச் சொல்லிவிட்டு இடது கண்ணையும் மூடச் சொன்னார்.

போன் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டது. முதலில் பார்த்த விலையில் ஏறக்குறையப் பாதி. உடனே ஆர்டர் போட்டார். இனி எந்தக் குறையும் தன் கண்ணுக்குத் தெரியாது என்று மகளிடம் சத்தியம் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். அண்ணனும் சாட்சிக்கு வந்திருந்தார். வேன்காரர் படியில் இரண்டு தடவை நின்று மூச்சு விட்டு ஏறி வந்து, மெஷினை இறக்கி, குழாயையும் பொருத்திக் கொடுத்தார். மனைவி நாலு யூனிஃபார்மைப் போட்டுப் பொத்தானை அழுத்தினாள். மெஷின் லேசாக முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. அவள் முகத்தில் ஒன்றரை மாதமாக இல்லாத சிரிப்பு வந்தது.

பரிசோதகருக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒரு கம்பெனியையே மண்டியிட வைத்து, பாதி விலைக்குப் புத்தம் புதுசு வாங்கிய கதையை அண்ணனுக்கு முதலிலிருந்து சொன்னார். அண்ணன் இந்தத் தடவை காபியைக் குடித்தார். பெருந்தன்மை பொங்க, பரிசோதகர் வேன்காரருக்கும் தம் கையாலேயே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஆமா, நான் வேணாம்னு அனுப்பின அந்த மூணு மெஷினையும் பாவம் யார் தலையில கட்டினாங்க?"

வேன்காரர் தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"எந்த மூணு சார்? கிடங்குல இந்த மாடல் இது ஒண்ணுதான் இருந்துச்சு. நீங்க அனுப்புறப்பல்லாம் திரும்பி வந்த சரக்குன்னு விலையைக் குறைச்சுப் போடுவாங்க, நான் இதையே வேற பெட்டியில வச்சு மறுபடி தூக்கிட்டு வருவேன்."