முக்காடு நிறுத்து படலம்

வாழ்க, கத்தரி ஏந்திய கையினள்! சுருண்டு கிடந்த கூந்தல்களைச் சூட்டு இடுக்கியால் நேராக்கி, நரைப்படை ஏறிவந்த போதெல்லாம் சாயக் கிண்ணம் கொண்டு புறங்கண்டு, மூன்று கண்ணாடியும் இரண்டு சுழல் நாற்காலியும் உடைய அழகு நிலையத்தைப் பதினொரு ஆண்டுகள் தனியாட்சி செய்த அப்பெருமாட்டி, ஒன்றரை கஜத் துணியிடம் ஏழு நாள் தோற்ற வரலாற்றை உரைக்கப் புகுகின்றோம். சொல்லில் சிக்கிருப்பின் சீப்பறிந்த சான்றோர் எடுத்துவிடுவாராக.

போருக்கு வித்திட்டவள் ஒரு நர்ஸ். எட்டாண்டுகளாக மாதம் ஒருமுறை வந்து, திரைக்குப் பின்னால் தலைத்துணி அவிழ்த்து அமர்ந்து, முடி நுனியை வெட்டிக்கொண்டு போகும் இன்சொல்லாள். அக்கம்பக்கத்தார் வந்து பார்க்கட்டும் என்று வரும் ஞாயிறு காலை தங்கள் பள்ளிவாசலைத் திறந்து வைக்கிறார்கள், அக்காவும் வீட்டுக்காரரும் வந்தால் சந்தோஷம் என்றாள் அவள். தளர்ந்த உடை, வாசலில் கழற்றும் செருப்பு, அணைத்த போன், தொழுகிறவர் முன்னால் குறுக்கே போகாமை, பெண்கள் தலைக்கு ஒரு முக்காடு. இவ்வளவுதான் என்றும் சொன்னாள். நம் நாயகி அனைத்துக்கும் தலையசைத்தாள். அந்தத் தலையே பகையாகும் என அறியாள்.

அன்று மாலையே படைப்பயிற்சி தொடங்கிற்று. தளபதி அவள் கணவர். நடுங்கும் கால்கள் ஆயிரத்துக்குக் கிளட்ச் கற்பித்த டிரைவிங் ஸ்கூல் ஆசான். சமையலறை வாசலின் மிதியடியையே பள்ளிவாசல் படியெனக் கொண்டு, "ரெண்டு பக்கமும் பாரு. அவசரமே வேண்டாம். மெதுவா வலது கால்" என்று முழங்கி, மனைவியைப் பதினான்கு முறை உள்ளே அனுப்பி, மூன்று முறை ஃபெயிலாக்கினார்.

கால் தேறியது. தலை தேறவில்லை. ஈ உட்கார்ந்தாலும் வழுக்கி விழும்படி அவள் தன் கூந்தலை மெருகேற்றி வைத்திருந்தாள்; கடைக்கு அதுவே விளம்பரப் பலகை. மறுநாள் கடையில் ஊதா நிறப் பட்டு முதலில் களமிறங்கியது. மூன்றே அடியில் தோளில் சாய்ந்தது. மூன்று கண்ணாடியும் ஆளுக்கொரு தோல்வியைக் காட்டின. அடுத்து வந்த ஜார்ஜெட் ஒரு இருமலுக்கு மாய்ந்தது. நைலான் காரணமே சொல்லாமல் விழுந்தது. வேல்வீரரென அணிவகுத்த பதினொரு ஹேர்பின்களும் தரையில் கலகலவெனச் சிதறின. வீட்டில், டேப் ஒட்டிப் பார்க்கலாமா என்ற தளபதி, அவள் பார்த்த பார்வையில் பால்கனிக்குப் பின்வாங்கினார்.

நகைக்கலாம் நாம். ஆனால் அவள் அச்சம் சிறியதன்று. எட்டாண்டு தன்னை நம்பித் தலை கொடுத்தவள், அவளைச் சேர்ந்தவர்கள் நடுவே தன்னை அழைத்துப் போகிறாள். அங்கே துணி நழுவி, 'இவங்களையா கூட்டிட்டு வந்தே' என்று ஒரே ஒரு கண் அந்த நர்ஸைக் கேட்டுவிட்டால்? இதை எண்ணித்தான் வெள்ளியன்று வாடிக்கையாளர் காத்திருக்கையிலும் அவள் கண்ணாடி முன் நின்றாள்.

ஞாயிறும் புலர்ந்தது. தடித்த துணி ஒன்றை இரண்டாக மடித்து, மோவாயின் கீழ் முடிச்சிட்டு, பஸ்ஸில் ஜன்னலைச் சாத்தி, கழுத்தைத் திருப்பாமல் சிலைபோல் போய்ச் சேர்ந்தாள். வாசலில் நர்ஸ் சிரித்தபடி வந்தாள். ஷூவைக் கழற்றிய கணவர், பதினான்கு ஒத்திகை கண்ட அந்த ஆசான், நேராக இடது காலை எடுத்து வைத்தார். அதை அவர் மட்டும்தான் கவனித்தார்.

பெண்கள் பக்கத்துச் செருப்பு அலமாரியருகே நாயகி குனிந்தாள். முடிச்சும் துணியும் ஒன்றாய்ச் சரிந்து பின்கழுத்தில் விழுந்தன. உலகம் நின்றது.

"மன்னிச்சுக்கோம்மா," என்றாள். "ஒரு வாரமா பழகினேன். நிக்கவே மாட்டேங்குது."

"எனக்கே நிக்காதுக்கா. வார்டுல பாதி நேரம் இதை இழுத்து விட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்." நர்ஸ் தன் பையிலிருந்து பருத்தி உள்தொப்பி ஒன்றையும் இரண்டு ஊக்குகளையும் எடுத்தாள். "கொஞ்சம் குனிங்க."

பதினொரு ஆண்டுகளாகத் தான் பிறருக்குச் சொல்லிவந்த அச்சொல்லை அவள் முதன்முறையாகக் கேட்டாள், கேட்டுக் குனிந்தாள். பழக்கமற்ற இரு கைகள் அந்தப் புகழ்பெற்ற கூந்தலை அள்ளி அடக்கி, துணி சுற்றி, காதருகே ஊக்குக் குத்தி, வலிக்குதா என்று கேட்டன. இல்லை என்றாள்.

வலது காலா இடது காலா என்று நினைக்காமலே உள்ளே போனாள். கம்பளம் பாதத்தைக் குளிர்ந்து தாங்கிற்று. பெருங்கூடத்தின் அமைதியில் பெண்கள் சிலர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம்விட்டாள். எக்கண்ணும் அவள் தலையை நோக்கவில்லை. பகையனைத்தும் அடங்க, படையனைத்தும் ஓய, வெற்றி முரசு ஒலியாமலே ஒலித்த அம்மண்டபத்தில் முக்கால் மணி நேரம் வீற்றிருந்தாள் கத்தரி ஏந்திய கையினள்.

பிறகு வெளியே வந்து கணவரும் அவளுமாக ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் நின்றார்கள்.