சலூன்காரர் கண்ட கிரகம்

என் வீட்டுக்காரர் ஒரு கிரகத்தைக் கண்டுபிடித்த அன்று, பால்காரரின் வலது கிருதா இடது கிருதாவைவிட ஒரு விரல் மேலே ஏறியிருந்தது. எனக்குக் கிரகத்தைவிடக் கிருதாதான் பெரிய கவலை.

அவர் சலூன் வைத்திருக்கிறார். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி, நடுவில் குள்ளமாக அவர். கொஞ்ச நாளாகவே பார்வை மங்கல். எதிரில் இருக்கும் சீப்பைக் கையால் தடவித் தேடுவார். நான் அடுப்படியில் நின்றாலும் காது கடையில்தான் இருக்கும். கத்தரிக்கோல் சத்தம் சட்டென்று நின்றால், யார் காதுக்கு என்ன ஆயிற்றோ என்று எட்டிப் பார்ப்பேன்.

"ஒரு தடவை கண் டாக்டரைப் பார்த்துட்டு வரலாம் வாங்க."

"என் கண்ணுக்கு என்ன? வெளிச்சம் பத்தல. பல்பை மாத்து."

பல்பை மாற்றினேன். பார்வை மாறவில்லை. விஷயம் என்னவென்றால் பயம். ஊரே அவர் கத்திக்கு நிம்மதியாகக் கழுத்தை நீட்டும். அவர் கண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் யாரும் கத்தியோடு வந்துவிடக் கூடாது.

இந்த நேரத்தில்தான் கடையில் யாரோ பத்திரிகையை உரக்கப் படித்தார்கள். நமக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் குள்ள நட்சத்திரம் இருக்கிறதாம். பக்கம் என்றால் வானத்துக் கணக்கில் பக்கம். அத்தனை கிட்டத்தில் இருந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலாம். அதற்கு ஒரு கிரகம் உண்டு என்று சிலரும், கிடையாது என்று சிலரும் சொல்கிறார்களாம்.

"படிச்சவங்க இப்படி அடிச்சுக்கிட்டா எப்படி? நான் பார்த்துச் சொல்றேன்" என்றார் இவர். பழைய சாமான் கடையிலிருந்து ஒரு தொலைநோக்கி வந்து எங்கள் மொட்டைமாடியில் கால் பரப்பி நின்றது. தினமும் இருட்டத் தொடங்கியதும் கடையைச் சாத்திவிட்டு மேலே போய்விடுவார்.

ஒரு நாள் மாடியிலிருந்து குரல் வந்தது.

"ஏ, மேல வா. குள்ளன் கிடைச்சிட்டான்."

"குள்ளன் கண்ணுக்குக் குள்ளன் தெரியத்தானே செய்வான்."

"கிண்டல் பண்ணாத. கிரகமும் இருக்கு. பக்கத்துலயே, லேசா, ஒட்டிக்கிட்டு."

"எனக்கு வாய்ச்ச கிரகம் இங்கயே நிக்குது. அதைப் பார்க்க எதுக்குக் குழாய்?"

இருந்தாலும் குழாயில் கண்ணை வைத்தேன். சிவப்பாக ஒரு புள்ளி. பக்கத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த மாடியில் துணி எடுக்க வந்த டீச்சரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"அக்கா, அது செல்போன் கோபுரத்து உச்சி விளக்கு."

"அப்ப அந்தக் கிரகம்?"

"நிஜக் குள்ளனோட கிரகத்தையே யாரும் கண்ணால பார்த்ததில்லக்கா. நட்சத்திரம் லேசா ஆடுது, அதனால ஏதோ ஒண்ணு அதை இழுக்குது, கிரகமா இருக்கலாம்னு கணக்குப் போடுறாங்க."

ஆட்டத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்றால், பால்காரர் கிருதாவைப் பார்த்தே இவர் கண்ணில் என்ன கோளாறு என்று நான் கண்டுபிடித்திருக்க வேண்டாமா? வீட்டுக்காரரிடம் போனேன்.

"என்னங்க, அந்தத் தெருவிளக்கைக் குழாய் இல்லாம பாருங்க. பக்கத்துல ஏதாவது தெரியுதா?"

"அதுக்கும் லேசா ஒண்ணு இருக்கு."

"நிலாவுக்கு?"

"அதுக்கும்தான். இன்னிக்கு வானமே அமோகமா இருக்கு."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டிரண்டாகப் பார்த்துக்கொண்டா இந்த மனிதர் இத்தனை நாளும் சவரம் செய்தார்? நாளைக் காலையில் அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர் யாரோ? அந்தப் பதற்றத்தில்தான் எனக்கு யோசனை வந்தது.

"கண்டுபிடிச்சது சரிங்க. ஆனா ஊர் பொறாமை பிடிச்சது. அந்த சலூன்காரருக்குக் கண்ணே சரியில்லன்னு ஒருத்தர் சொல்லிட்டா?"

"எவன் சொல்லுவான்?"

டீச்சர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார். "கேப்பாங்கண்ணே. கருவியைச் சோதிக்காம எதையும் ஏத்துக்க மாட்டாங்க. கண்ணும் கருவிதானே?"

"சோதிக்கட்டும். டாக்டரே அசந்து போவாரு."

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் முன்னால் நடந்தார். வழியில் ஒரு மின்கம்பத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

டாக்டரம்மா கிரகத்தின் கதையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு இரண்டு கண்ணிலும் புரை என்றார். "முதல்ல வலது கண்ணு. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா நீங்க கத்தியையே கீழ வெச்சிருக்கணும்" என்றார். இவர் சட்டைப்பையிலிருந்த சீப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். நானும் அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். அந்த இரண்டு நாற்காலிக்கு நடுவில் நிற்காத மனிதரை நான் பார்த்ததே இல்லை. கடை இல்லாமல் அவர் எங்கே போய் நிற்பார்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்து, டாக்டரம்மா சொன்ன நாளெல்லாம் ஓய்வெடுத்து, மறுபடி கடை திறந்தார். பால்காரரின் இரண்டு கிருதாவும் ஒரே உயரத்துக்கு வந்தன. கோணல் தலையோடு தெருத்தெருவாகப் பால் ஊற்றினாரே தவிர, அந்த மனிதர் வேறு கடைக்குப் போகவில்லை. அவருக்கு என்ன கைம்மாறு செய்வேன்? டீச்சருக்கும் டாக்டரம்மாவுக்கும் வாயார நன்றி சொன்னேன். அந்தக் கிரகத்துக்கும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒன்று, எங்கள் வீட்டுக்கு இவ்வளவு செய்திருக்கிறது.

அன்று சாயங்காலம் அவர் மறுபடி மாடிக்குப் போனார். வெகுநேரமாகியும் கீழே வரவில்லை. மனம் உடைந்துவிட்டாரோ என்று நான் படியருகே நின்று தவித்தேன். இறங்கி வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"வலது கண்ணுக்குக் கிரகம் இல்ல. இடது கண்ணுக்கு இருக்கு."

"அப்ப?"

"அப்ப என்ன அப்ப? விஞ்ஞானிங்களும் அப்படித்தானே. பாதிப் பேரு இருக்குங்கறாங்க, பாதிப் பேரு இல்லங்கறாங்க. என் ரெண்டு கண்ணும் உலகத்தோட ஒத்துப்போகுது. அதனால இடது கண்ணை இனிமே ஒருத்தரும் தொடக் கூடாது. சொல்லிட்டேன்."

பயம் போகவில்லை. பயத்துக்கு நல்லதாக ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

"சரிங்க" என்றேன்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "என்ன சரி? நீ இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிற ஆள் இல்லையே."

"இடது கண்ணுக்கு நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்காங்க. உங்க கடைக்கு வர்றவங்க அத்தனை பேருக்கும் போன வாரமே சொல்லிட்டேன், உங்களுக்குச் சொல்றதுதான் பாக்கி."